அந்தமானுக்குக் குடும்பத்தோடு போக: காசு எங்கே கரைகிறது, எங்கே நிறுத்தலாம்

அந்தமான் போகலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்ததும் பெரும்பாலானவர்கள் செய்யும் முதல் வேலை, ஏதாவது ஒரு டிராவல்ஸுக்குப் போன் போட்டு பேக்கேஜ் விலை கேட்பதுதான். ஐந்து இரவு ஆறு பகல், ஏசி கார், இரண்டு தீவு, காலை உணவு சேர்த்துத் தலைக்கு இவ்வளவு என்று ஒரு தொகை சொல்வார்கள். விமான டிக்கெட் அதில் இருக்காது. அதையும் நான்கு பேருக்குக் கூட்டிப் பார்த்ததும், "கொடைக்கானலே போதும்" என்று பேச்சு முடிந்துவிடும்.

பேக்கேஜை ஓரமாக வைத்துவிட்டு ஒரு விஷயத்தை மட்டும் யோசியுங்கள். அந்தமானில் கடற்கரைகள் எல்லாம் இலவசம் அல்லது இலவசம் மாதிரி. சாப்பாடு சென்னையை விடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். உண்மையில் காசு கரைவது தண்ணீரைத் தாண்டும் ஒவ்வொரு தடவையும், அதுவும் தலைக்கணக்கில். சென்னையிலிருந்து அந்தமானின் தலைநகர் போர்ட் பிளேயர் ஒரு தாண்டல், அங்கிருந்து ஹேவ்லாக் தீவு ஒன்று, ஹேவ்லாக்கிலிருந்து நீல் தீவு ஒன்று, திரும்ப ஒன்று. ஆகவே சேமிப்பு என்பது இங்கே இரண்டே காரியம்: குறைவான தடவை தாண்டுவது, சரியான தேதியில் தாண்டுவது. பாக்கியெல்லாம் அதற்கு அப்புறம்.

பெயர் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், டிக்கெட் எடுக்கும்போது குழப்பம் வரும். ஹேவ்லாக் 2018-லிருந்து ஸ்வராஜ் த்வீப், நீல் தீவு ஷஹீத் த்வீப், ராஸ் தீவு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் த்வீப். போர்ட் பிளேயர் 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் ஆகிவிட்டது. அரசு இணையதளங்களில் புதிய பெயர்தான் இருக்கும், ஆட்டோக்காரரிடம் பழைய பெயரே போதும்.

முதலில் தேதி

டிக்கெட் விலை பார்ப்பதற்கு முன்னால் காலண்டரைப் பாருங்கள். அந்தமானில் விலையை ஏற்றுபவர்கள் நாம் மட்டும் இல்லை, வங்காளிகளும்தான். துர்கா பூஜையில் தொடங்கி தீபாவளி வரை அவர்களுக்கு நீண்ட விடுமுறை, கொல்கத்தாவிலிருந்து குடும்பம் குடும்பமாகக் கிளம்பி வருவார்கள். நம் ஊர்ப் பள்ளிகளின் காலாண்டு விடுமுறையும் அதை ஒட்டியே வரும், போதாததற்கு அப்போது மழையும் முழுதாக விட்டிருக்காது. அந்தச் சமயத்தில் போகாதீர்கள். டிசம்பர் இரண்டாம் பாதியிலிருந்து ஜனவரி முதல் வாரம் வரை சொல்லவே வேண்டாம், அதே ரூமுக்கு இரட்டிப்பு விலை கேட்பார்கள்.

பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் தமிழ்நாட்டுக் குடும்பத்துக்கு நல்ல தேதி இரண்டு. ஒன்று பொங்கல்: புத்தாண்டுக் கூட்டம் கலைந்திருக்கும், கடல் அமைதியாக இருக்கும், பொங்கல் விடுமுறையோடு ஒன்றிரண்டு நாள் சேர்த்தால் போதும். வீட்டில் பொங்கல் வைக்காமல் எப்படிப் போவது என்று பெரியவர்கள் கேட்பார்கள், அதை நீங்கள்தான் சமாளிக்க வேண்டும். இன்னொன்று ஆண்டுத் தேர்வு முடிந்த கையோடு, ஏப்ரல் கடைசி வாரம். மே இரண்டாம் பாதிக்குத் தள்ளிப்போடாதீர்கள். தென்மேற்குப் பருவமழை கேரளாவுக்கு முன்பே அந்தமானைத் தொட்டுவிடும், வழக்கமாக மே மூன்றாவது வாரத்தை ஒட்டி. ஜூன் முதல் செப்டம்பர் வரை ரூம் விலை பாதியாக இருப்பதைப் பார்த்து ஆசைப்படுபவர்கள் உண்டு. கடல் கொந்தளித்தால் படகு ரத்தாகும், நீருக்குள்ளும் கலங்கலாக இருக்கும், வேறு ஊரில் மாட்டிக்கொண்டு ஒரு நாள் கூடுதல் ரூம் வாடகை கொடுத்தால் மிச்சம் பிடித்தது எல்லாம் அதிலேயே போய்விடும்.

பிள்ளைகள் இன்னும் பள்ளிக்குப் போகாத வயது என்றால் யோசிக்கவே வேண்டாம், ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரைதான் உங்களுக்கு. இரண்டு வயது நிறையாத குழந்தைக்கு விமானத்தில் தனி சீட் டிக்கெட் வேண்டாம், மடியில் வைத்துக்கொள்ளச் சின்னக் கட்டணம் மட்டும். இரண்டு வயது நிறைந்த நாளிலிருந்து முழு டிக்கெட். பிறந்த நாள் பக்கத்தில் இருந்தால் திரும்பி வரும் தேதியையும் பார்த்துக்கொள்ளுங்கள், விமான நிறுவனங்கள் அதையும் கணக்கில் எடுக்கும்.

விமானம், அப்புறம் அந்தக் கப்பல் கேள்வி

சென்னையிலிருந்து நேரடி விமானம் இரண்டேகால் மணி நேரம். கூட்டம் இல்லாத காலத்தில் இரண்டு மாதம் முன்னால் எடுத்தால் ஒரு வழிக்கு ஏறக்குறைய 5,000 முதல் 6,000 ரூபாய், உச்ச காலத்தில் இதைப் போல இரண்டு மடங்கு. செவ்வாய், புதன் போன்ற வார நடு நாட்களில் கிளம்பினால் வித்தியாசம் நன்றாகத் தெரியும்.

மதுரை, திருச்சி, நெல்லைப் பக்கத்துக் குடும்பங்கள் உள்ளூர் விமான நிலையத்திலிருந்து இணைப்பு விமானம் தேடுவது பெரும்பாலும் வீண் செலவு. இரவு ரயில் ஏறித் தாம்பரத்தில் இறங்கி, அங்கிருந்து மின்சார ரயிலில் திரிசூலம் வந்தால் விமான நிலையம் எதிரிலேயே இருக்கிறது. டாக்ஸியும் வேண்டாம், சென்னையில் ரூமும் வேண்டாம். ரயில் தாமதமாகும் என்பதால் பத்து மணிக்கு மேல் கிளம்பும் விமானமாகப் பாருங்கள், அதற்காக மாலை விமானத்துக்குப் போகாதீர்கள். அந்தமான் நம் ஊரிலிருந்து வெகு கிழக்கே இருக்கிறது, கடிகாரம் மட்டும் ஒன்றுதான், அதனால் மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். சாயங்காலம் போய் இறங்கினால் தூங்குவதற்காக மட்டும் ஒரு நாள் வாடகை கொடுக்கிறீர்கள்.

கப்பலில் போனால் மலிவு என்று யாராவது சொல்லியிருப்பார்கள். சென்னைத் துறைமுகத்திலிருந்து அரசுப் பயணிகள் கப்பல் உண்டு, ஏறக்குறைய மூன்று நாள் பயணம், மாதத்தில் சில தடவைதான், தேதியும் வெகு முன்னால் தெரியாது. பங்க் எனப்படும் பொதுக்கூடப் படுக்கை வகுப்பு உண்மையிலேயே மலிவு. ஆனால் குடும்பத்தோடு போகிறவர்கள் அறை வகுப்புதான் கேட்பார்கள், அந்தக் கட்டணம் விமான டிக்கெட்டுக்குப் பக்கத்தில் வந்துவிடும். போக மூன்று நாள், வர மூன்று நாள் லீவுக்கும் ஒரு விலை இருக்கிறது. கப்பல் பயணத்துக்காகவே போகிறவர்கள் போகலாம், மிச்சம் பிடிக்க அது வழி இல்லை.

வீட்டில் மத்திய அரசு ஊழியர் யாராவது இருந்தால் எல்.டி.சி. எனப்படும் விடுமுறைப் பயணச் சலுகை விதிகளை இப்போதே எடுத்துப் பாருங்கள். சொந்த ஊருக்கான எல்.டி.சி.யை அந்தமானுக்கு மாற்றிக்கொள்ளும் சிறப்புச் சலுகையை அரசு இரண்டு இரண்டு ஆண்டாக நீட்டித்து வருகிறது. உங்கள் பயணத் தேதி அதற்குள் வருகிறதா, டிக்கெட்டை எந்த வழியாக எடுத்தால் பணம் கிடைக்கும் என்பதை அலுவலகத்தில் கேட்டுக்கொண்டு எடுங்கள். விமானச் செலவே திரும்பி வந்தால் வேறென்ன வேண்டும்.

எத்தனை தீவு?

இதுதான் பெரிய முடிவு. போர்ட் பிளேயரிலிருந்து ஹேவ்லாக்கும் நீலும் போக தனியார் விரைவுப் படகுகள் இருக்கின்றன: மக்ரூஸ், நாட்டிக்கா, கிரீன் ஓஷன் போன்றவை. ஒரு தடவைக்கு ஒருவருக்கு ஏறக்குறைய 1,200-லிருந்து 2,000 ரூபாய் வரை, வகுப்பைப் பொறுத்து. மேல் வகுப்பு சீட் கொஞ்சம் அகலம், காட்சி கொஞ்சம் கூடுதல், போய்ச் சேருவது எல்லோரும் ஒரே நேரத்தில்தான், எனவே கீழ் வகுப்பே எடுங்கள். போர்ட் பிளேயர், ஹேவ்லாக், நீல், மறுபடி போர்ட் பிளேயர் என்று முக்கோணமாகப் போனால் ஆளுக்கு மூன்று டிக்கெட், நான்கு பேருக்குப் பன்னிரண்டு. சராசரி 1,400 என்று வைத்தாலும் 16,800 ரூபாய். ஒரே தீவு என்றால் எட்டு டிக்கெட், 11,200. இதோடு ஒவ்வொரு முறை தீவு மாறும்போதும் ஜெட்டி எனப்படும் படகுத்துறைக்கு ஆட்டோ, பாதி நாள் நஷ்டம், மூட்டை கட்டும் சண்டை.

முதல் தடவை போகிறவர்கள், ஐந்து நாள்தான் இருக்கிறது என்றால், ஒரு தீவு போதும் என்பது என் கட்சி. பிள்ளைகள் ஆறேழு வயதுக்குக் கீழே என்றால் நீல். சின்னத் தீவு, தூரம் எல்லாம் குறைவு, ஜெட்டியை ஒட்டியே பரத்பூர் கடற்கரை, ஆழம் இல்லாத தண்ணீர். அந்தமானுக்குக் காய்கறி விளைவித்துத் தருகிற தீவு அது, சாப்பாட்டுக்குக் கவலை இல்லை. பெரிய பிள்ளைகள், ஸ்கூபா (காற்று உருளையோடு கடலுக்குள் மூழ்குவது) ஆசை, ராதாநகர் கடற்கரையைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஹேவ்லாக். இரண்டும் வேண்டும் என்று அடம் பிடித்தால் முக்கோணமாகப் போங்கள், நடுவில் போர்ட் பிளேயருக்குத் திரும்பிவிட்டு மறுபடி போகாதீர்கள்.

அரசுப் படகு இதைவிடக் கணிசமாக மலிவு. ஃபீனிக்ஸ் பே ஜெட்டியிலிருந்து கிளம்பும், தனியார் ஒன்றரை மணி நேரத்தில் போவதை இது இரண்டரை மணி நேரத்தில் போகும். ஆனால் தனியார் படகில் கண்ணாடிக்குள் ஏசியில் அடைத்து உட்கார வைத்துவிடுவார்கள், இதில் மேல்தளத்தில் நின்று காற்று வாங்கலாம், பிள்ளைகளுக்கு இதுதான் பிடிக்கும். சிக்கல் என்னவென்றால் டிக்கெட் பயணத் தேதிக்குச் சில நாள் முன்னால்தான் திறக்கும், தீவுவாசிகளுக்கு அது பஸ் மாதிரி, அவர்கள் தேவை முதலில். அதனால் இப்படிச் செய்யலாம்: போகும் டிக்கெட்டைத் தனியாரில் முன்னாலேயே எடுத்துவிடுங்கள், திரும்பும் டிக்கெட்டை அரசுப் படகில் முயலுங்கள். உச்ச காலத்தில் இந்த விளையாட்டே வேண்டாம், இரண்டையும் முன்பதிவு செய்துவிடுங்கள். பிள்ளைகளுக்கும் ஆதார் அட்டை கையில் இருக்கட்டும், படகில் எல்லோருக்கும் அடையாள அட்டை கேட்பார்கள்.

படகு ரத்தாவது எந்த மாதத்திலும் நடக்கலாம். அதனால் ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவு கட்டாயம் போர்ட் பிளேயரில் இருங்கள். தீவிலிருந்து காலையில் படகு, மதியம் விமானம் என்று கணக்குப் போட்டு ஒரு ரூம் வாடகை மிச்சப்படுத்துவது, நான்கு புது விமான டிக்கெட் வாங்க வைக்கும் வேலை.

ரூம்

ஹேவ்லாக்கில் விஜயநகர், கோவிந்தநகர் பக்கம், அதாவது ஐந்தாம் நம்பர், மூன்றாம் நம்பர் கடற்கரை ஓரம்தான் ரிசார்ட்டுகள் அதிகம். கடலைப் பார்த்த ரூமுக்கு நல்ல விலை. ஆனால் விஜயநகரில் நீர் வற்றும் நேரத்தில் கடல் வெகு தூரம் உள்வாங்கிவிடும், கல்லும் பவளப் பாறையும் வெளியே தெரியும், குளிக்க முடியாது. குளிக்க எப்படியும் ராதாநகருக்குத்தான் போகப் போகிறீர்கள். ஆகவே சாலைக்கு அந்தப் பக்கம், மூன்றாம் நம்பர் சந்தைக்கு நடந்து போகும் தூரத்தில் ஒரு சாதாரண விடுதி பார்த்தால் போதும். சந்தை பக்கத்தில் இருந்தால் சாப்பாட்டுச் செலவும் இறங்கும், ரிசார்ட்டுக்குள்ளேயே மூன்று வேளை சாப்பிடுவதுதான் அங்கே பெரிய ஓட்டை.

இணையத்தில் விலை பார்த்துவிட்டு நேரடியாக விடுதிக்கே போன் செய்து கேளுங்கள். நான்கு பேருக்கு ஒரே பெரிய ரூம், கூடுதல் மெத்தை, காலை உணவு, இதெல்லாம் சேர்த்து என்ன விலை என்று கேட்டால் பெரும்பாலும் குறைப்பார்கள். போர்ட் பிளேயரில் அபர்தீன் பஜார் பக்கம் எடுங்கள், பஸ் நிலையம், சாப்பாட்டுக் கடை, செல்லுலார் சிறை எல்லாம் பக்கம்.

இதுவரை சொன்னதைச் சேர்த்து ஒரு தோராயக் கணக்கு. நான்கு பேர், நான்கு இரவு, ஒரே தீவு, கூட்டம் இல்லாத தேதி: சென்னையிலிருந்து விமானம் 44,000, படகு 11,200, ரூம் இரவுக்கு 2,500 என்று 10,000, சாப்பாடு ஐந்து நாளுக்கு 10,000, ஆட்டோ, பஸ், ஸ்கூட்டர் 6,000, கடலுக்குள் ஒரு பயணம் 4,000. மொத்தம் 85,000 பக்கம். பாதிக்கு மேல் விமானம் என்பதைக் கவனியுங்கள், அதனால்தான் தேதியைப் பற்றி இவ்வளவு நீட்டி முழக்கினேன்.

கிளம்பும் முன் பெட்டியில்

சன்ஸ்கிரீன், டயப்பர், பிள்ளைகள் சாப்பிடும் பிஸ்கட், மழைக்கோட்டு, வழக்கமான மருந்து எல்லாம் ஊரிலேயே வாங்குங்கள், தீவில் கிடைத்தாலும் விலை வேறு. படகில் குமட்டல் வருபவர்களுக்கு மாத்திரையை ஏறுவதற்கு அரை மணி முன்னால் போட வேண்டும், பிள்ளைகளுக்கு எவ்வளவு என்று உங்கள் டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஸ்நார்கெலிங் (நீர்மட்டத்தில் மிதந்தபடி கடலுக்குள் பார்ப்பது) செய்யக் கண்ணாடியும் குழாயும் ஆளுக்கு ஒன்று வாங்கினால் அங்கே வாடகை மிச்சம், அளவும் சரியாக இருக்கும். நான்கு தண்ணீர் பாட்டில், விடுதியில் நிரப்பிக்கொள்ளலாம். ரொக்கம் கொஞ்சம் அதிகமாகவே வையுங்கள். 2020-இல் சென்னையிலிருந்து கடலடி கேபிள் போட்ட பிறகு இணையம் எவ்வளவோ தேறிவிட்டது, போர்ட் பிளேயரில் ஜிபே எல்லாம் ஓடுகிறது, ஆனால் சின்னத் தீவில் சிக்னல் போனால் போனதுதான், ஏடிஎம்மும் விரல் விட்டு எண்ணும் அளவுதான்.

போர்ட் பிளேயரில்

இங்கே கார் வாடகைக்கு எடுக்காமலே சமாளிக்கலாம். மோகன்புரா பஸ் நிலையத்திலிருந்து வண்டூர், சிடியா டாப்பு பக்கமெல்லாம் அரசு பஸ் போகிறது. செல்லுலார் சிறைக்கு நுழைவுக் கட்டணம் சொற்பம், மரியாதையாக இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். ராஸ் தீவுக்கும் நார்த் பேக்கும் சேர்த்துத்தான் ஏஜெண்டுகள் டிக்கெட் விற்பார்கள். நார்த் பே என்பது தண்ணீர் விளையாட்டுக்குப் பணம் கட்டும் இடம், ஹேவ்லாக்கோ நீலோ போகிறவர்களுக்கு அது தேவையே இல்லை. ஜெட்டிக் கவுண்டரில் ராஸ் மட்டும் கேளுங்கள். பழைய சிவப்பு இருபது ரூபாய் நோட்டின் பின்புறத்தில் இருப்பது இந்த நார்த் பே காட்சிதான், வீட்டில் ஒரு நோட்டு இருந்தால் எடுத்துப் போய்ப் பிள்ளைகளிடம் கொடுத்துக் கலங்கரை விளக்கத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

மலிவான கடல் பயணம் ஒன்று இருக்கிறது, யாரும் பேக்கேஜில் சொல்ல மாட்டார்கள். சாத்தத்திலிருந்து பாம்பூ ஃப்ளாட்டுக்கு உள்ளூர்க்காரர்கள் போகும் படகு. பஸ் டிக்கெட் மாதிரிதான் கட்டணம், வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு போவார்கள். சாத்தத்தில் 1883-இல் தொடங்கிய மர அறுவை ஆலையையும் அப்படியே பார்த்துவிடலாம். ஆலை, ராஸ், வண்டூர் எல்லாவற்றுக்கும் வாரத்தில் ஒரு நாள் விடுமுறை உண்டு, கிளம்பும் முன் விடுதியில் கேளுங்கள்.

அபர்தீன் பஜாரில் இட்லி, பொங்கல், சாம்பார் சாதம் கிடைக்கும். தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் கணிசமாக இருக்கும் ஊர், வெற்றிமலை முருகன் கோயில் இருக்கிறது, ஆட்டோக்காரரிடம் "அண்ணே, எவ்வளவு?" என்று நேராகத் தமிழிலேயே ஆரம்பித்துப் பாருங்கள்.

பாராடங் சுண்ணாம்புக் குகைக்குப் போகலாமா என்று கேட்பார்கள். விடிவதற்கு முன் கிளம்பி, ஜிர்காடங் சோதனைச் சாவடியில் வரிசையில் நின்று, காவலோடு வண்டிகள் கூட்டமாகப் போகும் கான்வாயில் ஜாரவா பழங்குடி மக்களின் காட்டு வழியாகப் போக வேண்டும். சின்னப் பிள்ளைகளோடு போவது காசுக்கும் உடம்புக்கும் கேடு. அந்த மக்களை வேடிக்கை பார்ப்பதற்காகவே போகிறவர்களும் உண்டு, அதைச் செய்யாதீர்கள், படம் எடுப்பது குற்றம்.

தீவில்

ஹேவ்லாக் ஜெட்டியிலிருந்து ராதாநகர் பன்னிரண்டு கிலோமீட்டர் பக்கம். ஆட்டோவில் போய்வரக் கேட்கும் தொகைக்கு ஒரு நாள் ஸ்கூட்டர் வாடகை வந்துவிடும், ஏறக்குறைய 500 ரூபாய். லைசென்ஸ் அட்டையும் ஹெல்மெட்டும் கட்டாயம். நான்கு பேருக்கு இரண்டு ஸ்கூட்டர், இரண்டு பேர் ஓட்டத் தெரிந்தவர்களாக இருந்தால் அது லாபம். இல்லையென்றால் அரசு பஸ் இருக்கிறது, ஜெட்டியில் இறங்கியதும் நேரம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், மாலையில் கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் ஆட்டோக்காரர் சொன்னதுதான் விலை.

சந்தையில் வங்காளச் சாப்பாட்டுக் கடைகளில் மீன் சாப்பாடு சாப்பிடுங்கள். கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகளாக வந்து குடியேறியவர்களின் குடும்பங்கள் நடத்துவது, சோறு, பருப்பு, காய், மீன் குழம்பு எல்லாம் வீட்டுச் சமையல். இறாலும் நண்டும் எடை போட்டு விற்பார்கள், தட்டில் வருவதற்கு முன்னால் விலையைக் கேட்டுவிடுங்கள்.

நீர் ஏறி இறங்கும் நேரத்தை ஒவ்வொரு நாளும் போனில் பார்த்துவிட்டுத் திட்டம் போடுங்கள், அதற்குக் காசு கிடையாது. நீல் தீவின் இயற்கைப் பாலத்துக்கு நீர் வற்றும்போது போனால்தான் பாறைக் குழிகளில் நட்சத்திர மீன், கடல் வெள்ளரி எல்லாம் கண்ணில் படும், பரத்பூரில் நீர் ஏறும்போதுதான் குளிக்கலாம். தப்பான நேரத்தில் போனவர்கள்தான் அதே இடத்துக்கு இரண்டாம் தடவை ஆட்டோ எடுக்கிறார்கள். முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் மட்டும் எந்த நேரத்திலும் இறங்காதீர்கள்.

கடலுக்குள் பணம் கட்டிப் போவது ஒன்றே ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடிப் படகு, சீ வாக் (கடலடியில் நடப்பது), ஜெட் ஸ்கீ, பாராசெயிலிங் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தால் ஒரு மதியத்தில் விமான டிக்கெட் விலை போய்விடும். பத்து வயதுக்குக் கீழே பிள்ளைகள் என்றால் ஸ்கூபா கிடையாது, ஹேவ்லாக்கில் எலிஃபண்ட் பீச்சுக்குப் படகில் போனால் ஸ்நார்கெலிங் சேர்த்துத் தலைக்கு ஆயிரத்தைச் சுற்றி ஆகும், அங்கே போனதும் "இன்னும் உள்ளே போனால் நல்ல பவளம், அதற்குத் தனி" என்பார்கள், முதலில் இருக்கிறதைப் பாருங்கள். பெரிய பிள்ளைகளும் பெற்றோரில் ஒருவரும் ஸ்கூபா செய்தால் மற்றவர் கரையில் இருக்கலாம், நான்கு பேரும் இறங்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

திரும்பும்போது

சங்கு, சிப்பி, பவளம் எதையும் கடற்கரையிலிருந்து பையில் போடாதீர்கள், பிள்ளைகளின் பாக்கெட்டையும் ஒரு தடவை தட்டிப் பாருங்கள். வனவிலங்குச் சட்டப்படி பல வகைகளுக்குத் தடை இருக்கிறது, விமான நிலையத்தில் பையை ஸ்கேன் செய்யும்போது பிடிபடும். ஆசையாக இருந்தால் போர்ட் பிளேயரில் சாகரிகா அரசு விற்பனை நிலையத்தில் வாங்கி, பில்லைக் கையில் வைத்திருங்கள். ஈரத் துணியோடு பெட்டி கனக்கும், செக்கின் பெட்டிக்குப் பெரும்பாலும் ஆளுக்குப் பதினைந்து கிலோதான், கடைசி இரவு போர்ட் பிளேயர் ரூமில் மின்விசிறிக்கு அடியில் எல்லாவற்றையும் காயப் போட்டு மடித்துவிடுங்கள்.